ஜெராக்ஸ் மெஷினில் கியர் சத்தம்: உடைந்த பல்லை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் கியர் உடைந்த மெஷினைப் பார்த்ததும் ஸ்பேர் கடைக்குப் போன் போடுவார்கள். கியர் வரும், மாட்டுவார்கள், மெஷின் ஓடும். சில வாரங்களில் அதே கியர் மறுபடியும் பல் தேய்ந்து நிற்கும். அப்போது "டூப்ளிகேட் கியர்ங்க, குவாலிட்டி இல்ல" என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுவது சுலபம். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கியர் தானாக உடைவது குறைவு. அது இழுக்க வேண்டிய ஏதோ ஒன்று முன்பே இறுகியிருக்கும். டோனரைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசரில் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்திருக்கலாம், வேஸ்ட் டோனர் குழாய் அடைத்திருக்கலாம், ஒரு ஸ்டேப்ளர் பின் எங்காவது சிக்கியிருக்கலாம். இறுகிய இடத்தைத் தேடாமல் கியரை மட்டும் மாற்றுவது, ஷார்ட் எங்கே என்று பார்க்காமல் ஃபியூஸ் கம்பியைக் கட்டுவது போலத்தான்.

நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் அலுவலகங்களிலும் அதிகம் ஓடும் ஏ3 கறுப்பு வெள்ளை மெஷின்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கலர் மெஷினில் டிரம்கள் (படம் உருவாகும் உருளைகள்) கூடும், படத்தைத் தாளுக்குக் கொண்டுபோகும் டிரான்ஸ்ஃபர் பெல்ட் இருக்கும். தேடும் முறை மாறாது.

சுழற்சி எங்கிருந்து எங்கே போகிறது

பெரும்பாலான மெஷின்களில் பின்பக்கக் கவரைக் கழற்றினால் மோட்டாரும் கியர் வரிசையும் தெரியும். மெயின் மோட்டார் 24 வோல்ட் டி.சி.யில் ஓடுவது. அதன் நுனியில் இருக்கும் சிறிய பல்லில் தொடங்கி ஒரு கியர் அடுத்ததைத் தள்ள, டிரம், அதற்கு டோனர் கொடுக்கும் டெவலப்பர், பேப்பர் எடுக்கும் ரோலர்கள், ஃபியூசர், வேஸ்ட் டோனரைத் தள்ளும் திருகு எல்லாம் சுற்றும். பழைய மெஷின்களில் ஒரே மோட்டார் இவை அத்தனையையும் இழுக்கும். புதியவற்றில் டிரம்முக்கு ஒன்று, ஃபியூசருக்கு ஒன்று என்று மோட்டார்களைப் பிரித்திருப்பார்கள். தேவைப்படும்போது மட்டும் சுற்ற வேண்டிய ரோலர்களுக்கு நடுவில், சுழற்சியைச் சேர்த்தும் பிரித்தும் விடும் ஒரு கிளட்ச்சோ, மின்காந்தத்தால் ஒரு தகட்டை இழுக்கும் சொலினாய்டோ இருக்கும்.

இங்கே ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். மோட்டார் தன் வேகம் சரியாக இருக்கிறதா என்று போர்டுக்கு சிக்னல் கொடுத்துக்கொண்டே இருக்கும். குறித்த நேரத்துக்குள் வேகம் பிடிக்காவிட்டால் போர்டு மெஷினை நிறுத்தி எரர் காட்டும். கேனான் மாடல்கள் பலவற்றில் ஈ-010, கியோசெராவில் சி-2000, ஷார்ப்பில் எல்4-01 என்று வருவது இந்த வகைதான். உங்கள் மாடலுக்கான கோடை சர்வீஸ் மேனுவலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்த எரர் வந்தால் மோட்டார் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பல சமயம் மோட்டார் நன்றாகவே இருக்கும். சுமைதான் அதிகமாகியிருக்கும்.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. பல் முழுக்க மழுங்கிய கியரும், தண்டில் வழுக்கும் கியரும் மோட்டாருக்கு எந்தச் சுமையும் தராது. மோட்டார் சந்தோஷமாக ஓடும், எரர் வராது, ஆனால் சுற்ற வேண்டிய ரோலர் சும்மா நிற்கும். ஆக, மோட்டார் எரர் வந்தால் எங்கோ இறுக்கம். எரர் இல்லாமல் ஒரு பகுதி மட்டும் அசையவில்லை என்றால் எங்கோ பல் போயிருக்கிறது, அல்லது கிளட்ச் பிடிக்கவில்லை. உடைந்த பல்லின் துண்டு இரண்டு கியருக்கு நடுவே ஆப்பு மாதிரி மாட்டிக்கொண்டால் மட்டும் இந்தக் கணக்கு குழம்பும்.

திறப்பதற்கு முன்

சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். ஃபியூசர் 180 முதல் 200 டிகிரி வரை சூடாகி ஓடும் இடம். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். கைக்கடிகாரம், மோதிரம், கயிறு, தொங்கும் ஐ.டி. கார்டு எல்லாம் பைக்குள் போகட்டும். நீண்ட கூந்தல் இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள், துப்பட்டாவைப் பின் பண்ணிக்கொள்ளுங்கள். டிரம்மை வெளியே எடுத்தால் கறுப்புத் துணியால் மூடுங்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் திறந்து கிடந்தால் டிரம் கெடும். சிந்திய டோனரை வீட்டு வேக்குவம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள். அந்த நுண்துகள் அதன் பையைத் தாண்டி அறை முழுக்கப் பறக்கும், மோட்டாருக்குள்ளும் போகும். காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கையில் பட்டால் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள்.

கதவு சுவிட்சில் அட்டையைச் செருகி மெஷினைத் திறந்தபடி ஓட்டும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. அனுபவசாலிகள் செய்வதைப் பார்த்து நீங்களும் செய்யாதீர்கள். ஓடும் கியருக்குள் விரல் நுனி போனால் மெஷின் உடனே நிற்காது. உள்ளே சார்ஜ் கொடுக்கும் பகுதியில் உயர் அழுத்த மின்சாரமும் இருக்கிறது. திறந்து வைத்துப் பார்க்க வேண்டியதில் பெரும்பகுதியைக் கையால் சுற்றியே பார்த்துவிடலாம்.

முதலில் கேளுங்கள்

கடைக்காரர் "தம்பி, ரெண்டு மூணு நாளா கடகடன்னு ஒரே சத்தம்" என்பார். "அண்ணே, சுவிட்ச் போட்ட உடனே வருதா, பேப்பர் போகும்போதா? டிரேயை மூடும்போதா?" என்று கேளுங்கள். கடைசியாக எப்போது ஜாம் ஆனது, யார் எடுத்தார்கள், எப்படி இழுத்தார்கள் என்பதையும் விசாரியுங்கள். ஜாம் ஆன தாளை வந்த வழிக்கு எதிராகப் பலமாக இழுத்ததில் கியரும் ஒருவழி கிளட்ச்சும் கெட்ட மெஷின்கள் ஏராளம்.

பிறகு சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். விடாமல் வரும் 'கடகட'வில் பல் தாவுகிறது. சீரான இடைவெளியில் 'டக்... டக்...' என்று வந்தால் ஒரு கியரில் ஒரே ஒரு பல் போயிருக்கிறது, அல்லது கியரின் நடுப்பகுதியில் கீறல் விட்டிருக்கிறது. அந்தக் கியர் ஒரு சுற்றுக்கு ஒருமுறை தட்டும். 'கிரீச்' என்று கத்தினால் பல்லை விட்டுவிட்டு, காய்ந்த புஷ்ஷையும் பேரிங்கையும் பாருங்கள்.

சத்தம் எந்தப் பகுதியில் என்று பிரிக்க ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம். மெனுவிலிருந்து ரிப்போர்ட் பக்கம் ஒன்றை பிரின்ட் எடுங்கள். அதற்கு ஸ்கேனர் அசையாது. ரிப்போர்ட்டில் சத்தம் இல்லாமல், கண்ணாடியில் வைத்து நகல் எடுக்கும்போது மட்டும் வந்தால் பிரச்சினை ஸ்கேனரில். மேலே தாளை அடுக்கி இழுக்கவிடும்போது மட்டும் வந்தால், தாளைத் தானாக இழுக்கும் ஏ.டி.எஃப். பகுதியில். முதல் டிரேயில் வந்து இரண்டாவது டிரேயிலோ பக்கவாட்டு பைபாஸிலோ வராவிட்டால் அந்த முதல் டிரேயின் எடுப்புப் பகுதியில். இரண்டு பக்க நகலில் மட்டும் வந்தால் டூப்ளெக்ஸில். டிரேயை மூடிய சில நொடிகள் 'கர்ர்' என்று வந்து நின்றுபோனால் தாளைத் தூக்கும் மோட்டாரின் கியரில். இந்தச் சோதனைக்கு ஐந்து பத்து நிமிடம் ஆகும். மெஷினை அநாவசியமாகப் பிரித்து மாட்டும் அரை நாளை அது மிச்சப்படுத்தும்.

கையால் சுற்றிப் பார்ப்பது

என் அனுபவத்தில் இந்த வேலையின் மையமே இதுதான். பிளக் பிடுங்கிய நிலையில் பின்பக்கக் கவரைக் கழற்றுங்கள். மோட்டாரின் சுழலும் தட்டையோ முதல் பெரிய கியரையோ விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். மெஷின் ஓடும் திசையில்தான் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் ரொம்ப நேரம் சுற்றினால் டிரம்மைச் சுரண்டும் பிளேடின் ஓரத்தில் தேங்கியிருக்கும் டோனர் கொட்டும், ஒருவழி கிளட்ச்சுகளும் ஏமாற்றும்.

நல்ல மெஷினில் ஒரே சீரான எதிர்ப்பு விரலில் தெரியும். ஓர் இடத்தில் மட்டும் கனமானாலோ, தட்டிவிட்டுத் தாவினாலோ, எங்குமே அசையாவிட்டாலோ ஒவ்வொரு யூனிட்டாக வெளியே எடுங்கள். முதலில் ஃபியூசர், எடுத்துவிட்டுச் சுற்றுங்கள். அடுத்து வேஸ்ட் டோனர் பகுதி, சுற்றுங்கள். பிறகு டெவலப்பர், பிறகு டிரம். எதை எடுத்ததும் விரலுக்கு இலேசாகிறதோ அதில்தான் இறுக்கம். அந்த யூனிட்டை மேசையில் வைத்து அதன் கியரைத் தனியாகச் சுற்றி உறுதிப்படுத்துங்கள். எல்லாவற்றையும் எடுத்த பிறகும் கனமாகவே இருந்தால் மெஷினின் சொந்த கியர் வரிசையிலோ மோட்டாரிலோ கோளாறு.

கியர் தண்டில் வழுக்குகிறதா என்ற சந்தேகம் வந்தால் மார்க்கர் பேனாவால் தண்டின் முனையிலிருந்து கியர் வரை ஒரு நேர்கோடு போடுங்கள். கவரை மாட்டிச் சில நகல்கள் எடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் கியர் வழுக்குகிறது. தண்டில் அழுத்தி ஏற்றிய கியர்களுக்கு நடுவில் மயிரிழை போலக் கீறல் விடும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, டார்ச்சைச் சாய்த்து அடித்தால் தெரியும். கீறல் விட்ட இடத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி சற்றே அகன்று, அதனால்தான் சுற்றுக்கு ஒருமுறை தட்டுகிறது.

பற்களையும் பாருங்கள். மெஷின் ஒரே திசையில் ஓடுவதால் தேய்மானம் பல்லின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். இரு பக்கமும் ஒரே வடிவாக இருந்த பல், ஒரு பக்கம் சரிந்து முனை கூராகியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

ஃபியூசர்

கியர் பிரச்சினையில் பாதிக்கு மேல் இங்கேதான் என்று எனக்குப் படுகிறது. வெப்பமும் அழுத்தமும் ஒரே இடத்தில் சேர்கின்றன. சாதாரண கியர்கள் பாலிஅசிட்டால் என்ற பிளாஸ்டிக்கில் ஆனவை. அது ஏறத்தாழ 175 டிகிரியில் உருகும். அதனால் சூடான ரோலரின் முனையில் நேரடியாக மாட்டும் கியரை வெப்பம் தாங்கும் வேறு பிளாஸ்டிக்கில் செய்வார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிறதே என்று வேறு இடத்து கியரை இங்கே மாட்டினால் ரோலரில் பிடிக்கும் உள்வெட்டு இளகிப்போய், கியர் மட்டும் சுற்றும், ரோலர் நிற்கும்.

அறிகுறிகள் தெளிவாகவே இருக்கும். தாள் ஃபியூசர் வாசலில் விசிறிபோல மடங்கி ஜாம் ஆகும். சில சமயம் வெளியே வரும் தாளில் எழுத்து இழுபட்டிருக்கும்.

கியர் போய்விட்டது என்று தெரிந்ததும், புதியதை மாட்டுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். ரோலரின் இரு முனைகளிலும் உள்ள பேரிங் இலகுவாகச் சுற்றுகிறதா? கீழே அழுத்தும் ரோலரின் புஷ் தேய்ந்து தண்டு ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதா? தாளை ரோலரிலிருந்து பிரிக்கும் நகங்களுக்குப் பின்னால் பழைய தாள் துண்டு சுற்றிக் கிடக்கிறதா? ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் கடையில் தேர்வு சீசன் வந்தாலே ஃபியூசர் கியர் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் கியர் மட்டும் மாற்றப்பட்டது. கடைசியில் கீழ் ரோலரின் பின்பக்க புஷ்ஷைக் கழற்றிப் பார்த்தபோது அதன் துளை நீள்வட்டமாகியிருந்தது. ரோலர் சாய்ந்து, கியரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. புஷ் மலிவான சாமான். அதை மாற்றிய பிறகு அந்தக் கியர் நின்று நிலைத்தது.

வேஸ்ட் டோனரும் டெவலப்பரும்

டிரம்மைச் சுரண்டிய டோனர் ஒரு திருகு வழியாக வேஸ்ட் டப்பாவுக்குப் போகிறது. டப்பா நிறைந்தும் யாரும் கொட்டாமல் ஓட்டினால், அல்லது சென்சாரை ஏமாற்றி ஓட்டினால், அந்தக் குழாய்க்குள் டோனர் சிமென்ட் போல இறுகும். திருகு நிற்கும், அதைச் சுற்றும் சிறிய கியர் முதலில் பலியாகும். குழாயைக் கழற்றி முழுக்கச் சுத்தம் செய்யாமல் கியரை மாற்றாதீர்கள். வேஸ்ட் டோனரைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றி ஓட்டும் கடைகளில் டெவலப்பருக்குள்ளும் இதே கதிதான். அதில் கலந்திருக்கும் தாள் தூசி கட்டி கட்டியாகச் சேர்ந்து கலக்கும் தண்டை இறுக்கும்.

டெவலப்பர் சுற்றாமல் டிரம் மட்டும் சுற்றினால் நகல் வெள்ளையாக வரும். புதுப் பாட்டில் போட்ட பிறகும் "டோனர் போடு" என்றே காட்டினால், சென்சாரைச் சந்தேகிப்பதற்கு முன் பாட்டிலைச் சுற்றும் மோட்டார் கியரைப் பாருங்கள்.

பேப்பர் எடுக்கும் பகுதி

இங்கே கியர் என்று நினைத்து ஏமாறுவது அதிகம். சொலினாய்டின் தகடு வந்து மோதும் இடத்தில் ஒரு சிறிய பஞ்சோ ரப்பரோ ஒட்டியிருக்கும். வருடங்கள் ஆனதும் அது பிசுபிசுப்பாகிவிடும். தகடு ஒட்டிக்கொண்டு தாமதமாக விலகும், ரோலர் தவறான நேரத்தில் சுற்றும், தாள் எடுக்காமல் ஜாம், அல்லது இரண்டு தாள் சேர்ந்து வரும். கியர்கள் எல்லாம் நல்லபடி இருக்கும். விரலால் தகட்டை அழுத்தி விடுங்கள். 'டிக்' என்று உடனே திரும்பாவிட்டால் பிசினைத் துடைத்துவிட்டு மெல்லிய ஃபெல்ட் துணி ஒட்டுங்கள். பிக்கப் ரோலரின் ரப்பர் வழவழப்பாகிவிட்டாலும் இதே ஜாம்தான், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தமே இல்லாமல் கோடு விழுந்தால்

சில சமயம் சத்தம் இருக்காது. சாம்பல் நிறப் பகுதிகளில் தாளின் குறுக்கே மெல்லிய பட்டைகள் வரிசையாக விழும். ஸ்கேலை எடுத்து இடைவெளியை அளவெடுங்கள். டிரம் 30 மில்லிமீட்டர் விட்டம் என்றால் அதன் சுற்றளவு சுமார் 94 மில்லிமீட்டர். 94 மில்லிமீட்டருக்கு ஒருமுறை ஒரே குறி வந்தால் டிரம்மில் காயம். இரண்டு மில்லிமீட்டருக்குள் நெருக்கமாக வந்தால் கியர் பல்லின் அதிர்வு. டிரம் சுற்றளவை டிரம் கியரின் பல் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 60 பல் என்றால் 94-ஐ 60-ஆல் வகுக்க, சுமார் 1.6 மில்லிமீட்டர். உங்கள் அளவு அதோடு ஒத்துப்போனால் டிரம் கியரையும் அதைத் தள்ளும் கியரையும் ஜோடியாகச் சந்தேகிக்கலாம். தெரியாமல் டிரம்மை மாற்றிப் பணத்தை வீணாக்குவதை இந்த ஒரு கணக்கு தடுக்கும்.

கழற்றுவதும் மாட்டுவதும்

ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுங்கள். ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு வெள்ளைத் தாளில் வையுங்கள், பக்கத்தில் எந்த இடம் என்று எழுதுங்கள். தண்டின் முனையில் இருக்கும் ஈ-லாக்கை (E வடிவ கிளிப்பை) எடுக்கும்போது இன்னொரு கையால் மூடிக்கொள்ளுங்கள், பறந்துபோனால் கிடைக்காது. கியருக்குப் பின்னால் தண்டின் குறுக்கே சிறிய பின் இருக்கலாம். கியரை இழுக்கும்போது அது சத்தமில்லாமல் விழும். வாஷரையும் விட்டுவிடாதீர்கள். சாய்ந்த பல் உள்ள கியர் சுற்றும்போது பக்கவாட்டில் தள்ளும். வாஷர் இல்லாவிட்டால் அது பாடியில் உரசித் தேயும்.

பார்ட் நம்பரைக் கொடுத்து வாங்குவதுதான் சரி. நம்பர் கிடைக்காதபோது நேர்ப்பல் கியருக்கு ஒரு கணக்கு உண்டு: வெளி விட்டத்தை, பல் எண்ணிக்கையோடு இரண்டு கூட்டி வந்த எண்ணால் வகுங்கள். விட்டம் 26 மில்லிமீட்டர், பல் 24 என்றால், 26-ஐ 26-ஆல் வகுக்க 1. பல்லின் அளவைச் சொல்லும் இந்த எண்தான் மாட்யூல். விட்டமும் பல் எண்ணிக்கையும் மாட்யூலும் பொருந்தினால்தான் பற்கள் சேரும். சாய்ந்த பல்லுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதில் வலச்சாய்வா இடச்சாய்வா என்பதையும் பார்க்க வேண்டும்.

உடைந்த பல்லை ஒட்டுவது வேண்டாம். இந்தப் பிளாஸ்டிக்கில் பசை பிடிக்காது. லேத்தில் பித்தளைக் கியர் வெட்டிப் போட்டால் அது உடையாது, உண்மைதான். ஆனால் இறுக்கம் அப்படியே இருப்பதால் அடுத்த பிளாஸ்டிக் கியரோ மோட்டாரோ போகும். 3டி பிரின்டரில் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கில் அடித்த கியர் 60 டிகிரியிலேயே இளகும், ஃபியூசர் பக்கம் கொண்டுபோகவே கூடாது. புதிய கியரோடு உரசும் பழைய கியர் தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்த பல் புதுப் பல்லைச் சீக்கிரம் தின்றுவிடும்.

பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூவை முதலில் எதிர்த்திசையில் திருப்பி, 'டிக்' என்று பழைய பள்ளத்தில் விழுந்ததும் முடுக்குங்கள். நேராக முடுக்கினால் புதுப் பள்ளம் வெட்டிக்கொண்டு போகும், அடுத்த முறை பிடிக்காது.

கிரீஸ்

கம்பெனி கிரீஸ் போடாத கியருக்கு நீங்களும் போடாதீர்கள். உலர்வாக ஓடவே அது செய்யப்பட்டது. கிரீஸ் தடவினால் டோனர் தூள் வந்து ஒட்டி, உப்புத்தாள் மாதிரி பல்லை அராவும். கிரீஸ் ஏற்கெனவே இருந்த இடத்தில் பழையதைத் துடைத்துவிட்டு, மேனுவல் சொல்லும் வகையை மெல்லிய படலமாகத் தடவுங்கள். ஃபியூசருக்கு வெப்பம் தாங்கும் கிரீஸ் தனி. சில தண்டுகளின் முனையில் கறுப்பு நிறத்தில் இருப்பது மின்சாரம் கடத்தும் கிரீஸ். அந்தத் தண்டு வழியாகத்தான் எர்த் போகிறது. அங்கே சாதாரண கிரீஸைப் போட்டால் கியர் பிரச்சினை தீர்ந்து, நகலில் புதுப் பிரச்சினை தொடங்கும். சைக்கிளுக்கு விடும் எண்ணெயும் துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் இந்த மெஷினுக்குள் வர வேண்டாம். துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். தின்னர் பட்டால் கவரில் வெடிப்பு விடும்.

மாட்டிய பிறகு

பிளக் போடுவதற்கு முன் கையால் பல சுற்று சுற்றிப் பாருங்கள். உடைந்த பல்லின் துண்டுகளை எண்ணி எடுத்தீர்களா என்று யோசியுங்கள். ஒரு துண்டு உள்ளே இருந்தாலும் புதுக் கியரின் கதை அன்றே முடியும். சுவிட்ச் போட்டு, வார்ம்-அப் முடியும்வரை காதைக் கொடுங்கள். ஒரு நகல், பிறகு தொடர்ச்சியாக ஐம்பது, இரண்டு பக்கம், ஒவ்வொரு டிரேயும், கடைசியாகக் கொஞ்சம் தடித்த தாள். குளிர்ந்த மெஷினில் வராத சத்தம் சூடானபின் வரும். அதனால் ஃபியூசர் கியர் மாற்றியிருந்தால் கால் மணி நேரமாவது ஓட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

கவுன்டரில் உள்ள எண்ணையும், எந்தக் கியரை மாற்றினீர்கள், எது இறுகியிருந்தது என்பதையும் தேதியோடு பின்பக்கக் கவரின் உள்புறம் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். அடுத்து வருபவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம். கடைக்காரரிடம் உடைந்த கியரைக் காட்டி, ஜாம் ஆனால் தாள் போகும் திசையிலேயே இரண்டு கையாலும் மெதுவாக இழுக்கும்படியும், வேஸ்ட் டப்பா நிறைந்தால் சென்சாரை ஏமாற்றாமல் கூப்பிடும்படியும், தாளை அடுக்கும் முன் ஸ்டேப்ளர் பின் இருக்கிறதா என்று விரித்துப் பார்க்கும்படியும் சொல்லிவிட்டு வாருங்கள்.